சுரங்கப்பாதையைச் சுற்றிப் போனவர்

கிருபானந்தனுக்கு முதல் தடவை அது வந்தது 2011ஆம் ஆண்டு மார்ச் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலையில். அதற்கு மூன்று நாள் முந்தி, அவர் வேலைக்குப் போகும் சுரங்கப்பாதைக்குள் ஒரு லொறி பழுதாகி நின்றிருந்தது. அவருடைய வான் வண்டியும் இருபத்திரண்டு நிமிடம் அதற்குப் பின்னால் நின்றது. அன்று அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ரேடியோ கேட்டார், மத்தியானத்துக்குக் கொண்டுபோன சாண்ட்விச்சில் பாதியைச் சாப்பிட்டார், வழி திறந்ததும் வேலைக்குப் போனார். வெள்ளிக்கிழமை அதே சுரங்கத்துக்குள் நெரிசலே இல்லை. எண்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தபோது, ஒரு காரணமும் இல்லாமல் நெஞ்சு அடிக்கத் தொடங்கியது. கை விரல்கள் விறைத்தன. முன்னால் போன கார் ஒரு சமயம் வெகுதூரத்திலும் மறுகணம் மூக்குக்கு நேரேயும் தெரிந்தது. செத்துப்போகப்போகிறேன் என்று நினைத்தார். வெளிச்சம் வந்ததும் முதல் வெளிவழியில் இறங்கி, கார் கழுவும் கடை ஒன்றின் முன்னால் வானை நிறுத்தி, அம்புலன்ஸுக்குப் போன் அடித்தார்.

ஆஸ்பத்திரியில் இதயத்தில் ஒரு குறையும் இல்லை என்றார்கள். குடும்ப வைத்தியர் 'ஸ்ட்ரெஸ்' என்றார். வீட்டில் மனைவி ரஞ்சினியிடம் கிருபானந்தன் வாயுக்கோளாறு என்றார். அதுதான் முதல் பொய்.

அப்போது அவருக்கு நாற்பத்தாறு வயது. சிட்னியில், செவன் ஹில்ஸில் வீடு, ஆட்டார்மனில் வேலை. லிஃப்ட் திருத்துகிற வேலை. பதின்மூன்று வருடமாக, கட்டடங்களின் நடுவில் இருக்கும் ஒடுங்கிய இருட்டுக் குழிகளில் நின்றே அவர் சம்பாதித்தார். அங்கே அவருக்கு ஒருநாளும் மூச்சு முட்டியதில்லை. லிஃப்ட் இடையில் நின்று யாராவது உள்ளே அகப்பட்டால் கொம்பனி அவரைத்தான் அனுப்பும். கதவுக்கு வெளியே நின்று, "நான் இங்கேயேதான் நிற்கிறேன். உள்ளே காற்று தாராளமாக இருக்கிறது. பத்து நிமிடம்" என்று ஆங்கிலத்தில் நிதானமாகச் சொல்வார். அந்தக் குரலைக் கேட்டு அழுதவர்கள் அழுகையை நிறுத்துவார்கள். சுரங்கப்பாதையில் காரோட்டப் பயப்படுகிற லிஃப்ட்காரன் என்று தன்னைப் பற்றி அவரே யாரிடம் சொல்வது?

ஆகவே சுற்றிப் போனார். எம்-2 நெடுஞ்சாலையை அகலமாக்கும் வேலை அந்த வருடம்தான் தொடங்கியிருந்தது. அது நல்ல சாட்டாகக் கிடைத்தது. மேலே இருக்கும் சாதாரண வீதிகளால், சிக்னலுக்குச் சிக்னல் நின்று போவதற்காக, விடிய ஐந்தரைக்கு வீட்டை விட்டு வெளிக்கிட்டார். முதலில் நீளமான சுரங்கப்பாதையை மட்டும் விட்டார். பிறகு எப்பிங்கில் உள்ள சின்னச் சுரங்கத்தையும் விட்டார். பிறகு விமான நிலையத்துக்குப் போகும் சுரங்க வழியை. பிறகு பலமாடிக் கார் தரிப்பிடங்களை. சினிமாவுக்குப் போனால் ஓரக் கதிரை. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் தேடிக் கொடுத்தார். காரணங்கள் எல்லாம் நியாயமாகவே இருந்ததால் ஒருவரும் இரண்டாம் தரம் கேட்கவில்லை.

ஒரு வருடம் இப்படிப் போனது. 2012 ஏப்ரலில் சிநேகிதன் சிறிதரனின் தாய் கொழும்பிலிருந்து தனியாக வந்தார். சிறிதரன் அன்று கன்பராவில் வேலையாக நின்றான். "கிருபா, நீ ஒருக்கா அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து விடு" என்றான். செவன் ஹில்ஸில் யாருக்கு விமான நிலையத் தேவை வந்தாலும் கிருபானந்தன் போவது வழக்கம். மறுக்க முடியவில்லை. சுரங்கத்தைத் தவிர்த்து கன்ரபெரி வீதியால் போனார். அங்கே ஒரு விபத்து, வீதி மறித்திருந்தது. அவர் போய்ச் சேர்ந்தபோது விமானம் இறங்கி இரண்டேகால் மணித்தியாலம். எழுபத்தைந்து வயது மனுசி, ஆங்கிலம் தெரியாது, கைத்தொலைபேசி கிடையாது, தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு ஒரு தூணோடு நின்றார். திட்டவில்லை. "தம்பி, நான் இடம் மாறி நிக்கிறனோ எண்டு பயந்துபோனன்" என்றார்.

சிறிதரனும் திட்டவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவன் ஓர் உதவியும் கேட்கவில்லை.

அந்தக் கிழமைதான் கிருபானந்தன் கணினியில் தேடினார். சிட்னியில் தமிழ் வைத்தியர்களுக்குக் குறைவில்லை. அவர்களுடைய காத்திருக்கும் அறைகளில் தமிழர்களுக்கும் குறைவில்லை. பெயரைக் கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். மெல்பேணில், கிரெய்கிபர்னில் இருந்துகொண்டு ஸ்கைப் மூலம் ஆட்களைப் பார்க்கும் ஓர் உளவியலாளரின் பெயர் கிடைத்தது. பத்மா. தமிழிலும் பேசுவார் என்று போட்டிருந்தது. மலேசியாவில் தைப்பிங்கில் பிறந்து, படிக்க வந்து, தங்கிவிட்டவர். மொத்தம் பத்து அமர்வுகள். எண்ணூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் தூரம் கிருபானந்தனுக்கு ஆறுதலாக இருந்தது.

புதன்கிழமைகளில் வேலை முடிந்து வரும் வழியில், பிளாக்டவுன் பக்கம் ஒரு விளையாட்டு மைதானத்தின் கார் தரிப்பிடத்தில் வானை விடுவார். பின்பக்கம் கருவிப் பெட்டிகளுக்கு நடுவில் ஒரு வாளியைக் கவிழ்த்து அதில் உட்கார்ந்து, மடிக்கணினியை மடியில் வைத்து, யுஎஸ்பியில் இணையத்தைப் போடுவார். நாலரை மணிக்குத் திரையில் பத்மாவின் முகம் வரும். நாற்பது வயது இருக்கும். பின்னால் ஒரு புத்தக அலுமாரி, ஒரு பச்சைச் சுவர்.

"டொக்டர், வணக்கம்" என்றார் முதல் நாள்.

"நான் டாக்டர் இல்லைங்க. பத்மான்னே கூப்பிடுங்க."

அது அவருக்கு வரவில்லை. கடைசியில் 'மிஸ்' என்பதில் நின்றார். பத்மா அவரை 'மிஸ்டர் கிருபா' என்றார்.

"என்ன நடக்குதுன்னு உங்க வார்த்தையில சொல்லுங்க."

"சுரங்கத்துக்கை போனா ஒரு பதகளிப்பு, மிஸ்."

"என்ன சொன்னீங்க?"

"பதகளிப்பு."

"எனக்கு அந்தச் சொல் தெரியாது. படபடப்பு மாதிரியா?"

கிருபானந்தன் யோசித்தார். "படபடப்பு நெஞ்சுக்கை மட்டும். இது முழு ஆளுக்கும். வீட்டை நெருப்புப் பிடிச்சமாதிரி, ஆனா நெருப்பு எங்கையெண்டு தெரியாது. ஓடவேணும், எங்கை ஓடுறதெண்டும் தெரியாது."

பத்மா எழுதிக்கொண்டார். "சரி. இனிமே நாம அதையே சொல்லுவோம். பதகளிப்பு."

கதைத்தால் குறையும் என்று நினைத்து வந்தவருக்கு வேலை தரப்பட்டது. தவிர்க்கிற இடங்களை எல்லாம் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு பயம் என்று நூற்றுக்கு ஒரு எண் போடவேண்டும். பலமாடிக் கார் தரிப்பிடம் முப்பது. சினிமாவில் நடுக் கதிரை நாற்பத்தைந்து. எப்பிங் சின்னச் சுரங்கம் எழுபது. நீளமான சுரங்கம் தொண்ணூறு. கீழிருந்து ஒவ்வொன்றாகப் போய் நிற்கவேண்டும். பயம் தானாகக் குறையும்வரை வெளியே வரக்கூடாது.

மூன்றாவது அமர்வில் லிஃப்டைப் பற்றிச் சொன்னார். பத்மாவுக்கு அது சுவாரசியமாக இருந்தது.

"உள்ளே மாட்டிக்கிட்டவங்களுக்குச் சொல்றீங்களே, அதை உங்களுக்கே சொல்லிப் பார்த்தீங்களா?"

"சொன்னனான். வேலை செய்யேல்லை."

"ஏன்னு நினைக்கிறீங்க?"

"அவையளுக்கு வெளியிலை நான் நிக்கிறன். எனக்கு வெளியிலை ஆர் நிக்கினம்?"

பத்மா அதைக் குறித்துக்கொண்டார். "நீங்க ஆறுதல் சொல்றதுல கெட்டிக்காரர். அதனாலதான் கஷ்டமா இருக்கு. உங்களுக்கு நீங்களே ஆறுதல் சொல்லிக்க வேணாம். வரட்டும், வந்துட்டுப் போகட்டும்னு விடணும்" என்றார்.

அதைப் பழக்குவதற்கு அவர் குளிர்பானம் குடிக்கும் ஸ்ட்ரோ ஒன்றை எடுத்துவரச் சொன்னார். மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு நிமிடம் ஸ்ட்ரோவால் மட்டும் மூச்சு எடுக்கவேண்டும். அதே மூச்சு முட்டல், அதே நெஞ்சடிப்பு தன்னாலேயே வரும். வந்தது தன்னாலேயே போகும். கிருபானந்தன் கவிழ்த்த வாளியில் இருந்து, கண் பிதுங்க ஸ்ட்ரோவை உறிஞ்சிக்கொண்டிருந்தபோது வானின் கதவில் யாரோ தட்டினார்கள். கார் தரிப்பிடங்களைப் பார்த்துவரும் மாநகர சபை ரேஞ்சர். திறந்த கதவுக்குள் வியர்த்துப்போன ஓர் ஆளையும், ஸ்ட்ரோவையும், மடிக்கணினியில் ஒரு பெண்ணையும் பார்த்தான். "எல்லாம் சரியா?" என்று கேட்டான். "டெலிகொன்ஃபரன்ஸ்" என்றார் கிருபானந்தன். ரேஞ்சர் வானின் வாகன எண்ணைக் குறித்துக்கொண்டு போனான். திரையில் பத்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஒரு வருடத்தில் முதல் தடவையாக இந்த விசயத்தில் கிருபானந்தனுக்கும் சிரிப்பு வந்தது.

கார் தரிப்பிடம் முடிந்தது. நடுக் கதிரை முடிந்தது. எப்பிங் சின்னச் சுரங்கத்தை ஐந்தாவது கிழமை நாலு தரம் கடந்தார். ஆறாவது கிழமைக்கு நீளமான சுரங்கம்.

"போனீங்களா?" என்று கேட்டார் பத்மா.

"ஓம், போனனான்."

"எவ்வளவு இருந்துச்சு?"

"அறுவது."

"எவ்வளவு நேரத்துல குறைஞ்சுச்சு?"

"ஒரு மூண்டு நிமிசம்."

பத்மாவின் முகம் மலர்ந்தது. நல்ல முன்னேற்றம் என்றார். மீதி நேரம் அவருடைய நித்திரையைப் பற்றிக் கதைத்தார்கள். அழைப்பு முடிந்த பிறகு கிருபானந்தன் வாளியிலேயே இருந்தார். அவர் சுரங்கத்துக்குள் போகவே இல்லை. செவ்வாய்க்கிழமை காலை, சுரங்கத்துக்கு முந்திய கடைசி வெளிவழியில், தான் என்ன செய்கிறோம் என்று தெரியாதவர்போல சிக்னலைப் போட்டு இறங்கியிருந்தார்.

அடுத்த புதன்கிழமை வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் சொல்லிவிட்டார். "மிஸ், போன கிழமை நான் போகேல்லை. பொய் சொன்னனான்."

பத்மா பேனையை வைத்தார். "எனக்குத் தெரியலைங்க. முழுசா நம்பிட்டேன்."

"உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமெண்டு நினைச்சன்."

"இல்லை. நீங்க நல்லாப் பொய் சொல்றீங்க. நிறையப் பழக்கம்தானே?" அவருடைய குரலில் கோபம் இருந்ததா என்று கிருபானந்தனால் கண்டுபிடிக்க முடியவில்லை. "இந்தப் பயத்துக்காக யார் யார்கிட்ட என்ன என்ன பொய் சொல்லியிருக்கீங்க? ஒரு தாள்ல எழுதுங்க. நான் காத்திருக்கேன்."

பதினான்கு வந்தது. அதில் ஒன்பது ரஞ்சினிக்கு.

"ரஞ்சினிகிட்ட உண்மையைச் சொல்றதுக்கு நூத்துக்கு எத்தனை போடுவீங்க?"

"தொண்ணூத்தைஞ்சு."

"சுரங்கத்தை விட அதிகம்."

"ஓம்."

"அப்படின்னா நாம பட்டியலைத் தப்பாப் போட்டிருக்கோம்" என்றார் பத்மா.

சனிக்கிழமை முற்பகல். ரஞ்சினி குசினியில் கறிக்கு லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தார். முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவர். கிழமையில் அந்த ஒரு நாள்தான் அவருக்கு ஆறுதலாகச் சமைக்கக் கிடைப்பது. மகள் சங்கரி நெட்போல் விளையாடப் போயிருந்தாள்.

"ரஞ்சினி, ஒரு விசயம் சொல்லவேணும். இதிலை இரும்."

"நிண்டே கேக்கிறன். சொல்லுங்கோ."

சொன்னார். என்ன வருகிறது, எப்போது தொடங்கியது, அதற்காக என்னென்ன செய்தார், இப்போது யாரிடம் கதைக்கிறார். ரஞ்சினியின் கத்தி முதலில் நிற்கவில்லை. பாதியில் நின்றது.

"அப்ப விடிய அஞ்சரைக்குப் போனது இதுக்கோ?"

"ஓம்."

"எம்-டூவிலை றோட்டு வேலை எண்டது?"

"வேலை நடக்கிறது உண்மை. ஆனா நான் போனது அதாலை இல்லை."

ரஞ்சினி கையைத் துடைத்தார். துடைத்துவிட்டு மறுபடியும் துடைத்தார். "நான் என்ன நினைச்சுக்கொண்டு இருந்தனான் தெரியுமே? இந்த மனுசனுக்கு வீட்டிலை இருக்கப் பிடிக்கேல்லை எண்டு. விடிய முதல் ஓடிறார், இருட்டினாப்பிறகு வாறார், படத்துக்குப் போனாலும் ஓரத்திலை இருந்துகொண்டு எப்ப எழும்பலாமெண்டு பாக்கிறார். என்னோடை அலுத்துப்போச்சு எண்டு நினைச்சன். கேட்டா, ஓமெண்டு சொல்லிப்போடுவியளோ எண்டு கேக்கேல்லை."

கிருபானந்தனுக்குத் தன்னுடைய பொய்கள் அடுத்த பக்கத்தில் எப்படித் தெரிந்திருக்கும் என்று யோசிக்கத் தோன்றியதே இல்லை. அவை ஒருவரையும் தொடாமல் போய்விட்டன என்றுதான் நினைத்திருந்தார்.

"மெல்பேணிலை இருக்கிற ஒரு பொம்பிளைக்கு மூண்டு மாசமாத் தெரியும்" என்றார் ரஞ்சினி.

"ரண்டு மாசம். அவ தெரியாத ஆள். அதாலை சொல்லக்கூடியதா இருந்தது."

"பயந்த சனத்தைத்தான் நான் ஒவ்வொரு நாளும் குளிப்பாட்டி, உடுப்பு மாத்தி, கையைப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறன். எனக்குச் சொல்ல ஏலாதே?"

கிருபானந்தன் மன்னிப்புக் கேட்டார். ரஞ்சினி லீக்ஸ் கறியை அடுப்பில் வைத்தார். அன்றும் மறுநாளும் வீட்டில் தேவைக்கு மட்டும் பேச்சு நடந்தது. "Are you guys okay?" என்று சங்கரி கேட்டாள். "ஓம்" என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

திங்கட்கிழமை பின்னேரம், உலர்ந்த உடுப்பை மடித்துக்கொண்டிருந்த ரஞ்சினி தலையை நிமிர்த்தாமல் கேட்டார். "உந்தச் சுரங்கத்திலை எப்ப சனம் குறைவு?"

"ஞாயிற்றுக்கிழமை காலமை."

"நானும் வாறன்."

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் போனார்கள். பத்மா சொன்ன சட்டங்கள் இருந்தன. ரேடியோ கூடாது. முடிய எத்தனை நிமிடம் என்று எண்ணக்கூடாது. ஆறுதல் சொல்லிக்கொள்ளக்கூடாது. சுரங்க வாயில் தெரிந்ததும் நெஞ்சு அடிக்கத் தொடங்கியது. கை விறைத்தது. கடைசி வெளிவழி இடப்பக்கம் பிரிந்தபோது அவருடைய கண் அதோடு போனது, கை போகவில்லை. உள்ளே போனார்கள். மஞ்சள் விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பயம் எண்பது, எண்பத்தைந்து, தொண்ணூறு. தொண்ணூறிலேயே கொஞ்ச நேரம் நின்றது. செத்துப்போகப்போகிறேன் என்ற எண்ணமும் வந்தது. அதற்கு எதிராக ஒன்றும் சொல்லாமல் ஓட்டினார். ரஞ்சினி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நேரே பார்த்துக்கொண்டு இருந்தார். எழுபத்தைந்து என்று தோன்றிய நேரத்தில் வெளிச்சம் வந்துவிட்டது.

"முடிஞ்சுதோ?" என்றார் ரஞ்சினி. "இவ்வளவுதானோ?"

கிருபானந்தனுக்குக் கோபம் வந்தது. ஒன்றேகால் வருடத்தை இரண்டு சொல்லில் முடித்துவிட்டார் என்று தோன்றியது. ஆனால் அவருடைய முகத்தைப் பார்த்தபோது, அவர் கேலி செய்யவில்லை, உண்மையாகவே கேட்கிறார் என்று தெரிந்தது.

"எனக்கு இவ்வளவு இல்லை" என்றார்.

"சரி. அப்ப திருப்பிப் போங்கோ."

திரும்பப் போனார்கள். மூன்றாவது தரம் ரஞ்சினி ஒரு பெற்றோல் நிலையத்தில் இறங்கி, கோப்பி வாங்கிக்கொண்டு நின்றார். கிருபானந்தன் தனியே போனார். அந்தத் தரம் நடுவில் வாகனங்கள் மெதுவாகி, முன்னால் சிவப்பு விளக்குகள் வரிசையாக எரிந்தன. ஒரு நிமிடம் நின்றே விட்டன. கதவைத் திறந்துகொண்டு ஓடவேண்டும் என்று உடம்பு முழுவதும் கேட்டது. ஓடவில்லை. வாகனங்கள் நகர்ந்தன, அவரும் நகர்ந்தார். நாலாவது தரம் ஐம்பத்தைந்தில் தொடங்கி முப்பதில் முடிந்தது. வெற்றி என்று ஒன்றும் தோன்றவில்லை. காய்ச்சல் விட்டவனைப்போல களைப்பாக இருந்தது. வீட்டுக்கு வந்து மாலைவரை நித்திரை கொண்டார்.

அதற்குப் பிறகு ஏழு மணிக்கு வேலைக்குப் புறப்பட்டார். சிறிதரனிடமும் சொன்னார். சிறிதரன் "ஓமோம், இப்ப கனபேருக்கு உது இருக்காம்" என்று சொல்லிவிட்டு, வீட்டுக் கூரையில் சூரியப் பலகை போடுவது பற்றிக் கேட்டான். அவர்களுக்குள் பழைய நெருக்கம் திரும்பியது என்று சொல்ல முடியாது. பதினான்கு பொய்களில் பத்தைத் திருத்தினார். மீதி நாலைத் திருத்துவது கேட்கிறவர்களுக்குத்தான் சங்கடம் என்று பத்மாவும் அவரும் பேசி விட்டுவிட்டார்கள்.

பத்தாவது அமர்வு செப்டம்பரில் நடந்தது. அதை வீட்டில், சாப்பாட்டு மேசையில் இருந்து பேசினார். ரஞ்சினி குறுக்கே வந்து ஒரு வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்.

"இனி வராதுதானே, மிஸ்?" என்று கேட்டார் கிருபானந்தன்.

"வரும்" என்றார் பத்மா. "எப்ப, எங்கன்னு எனக்குத் தெரியாது. வந்தா, மறுபடி ஒளிக்க ஆரம்பிச்சிடாதீங்க. அவ்வளவுதான்."

வந்தது. 2013 பெப்ரவரியில், ரஞ்சினியோடு வேலை செய்கிறவரின் மகளுடைய பரதநாட்டிய அரங்கேற்றத்தில். நிறைந்த மண்டபம், வரிசையின் நடு. பிரதம விருந்தினர் தன் பேச்சின் மூன்றாவது தாளைப் புரட்டியபோது கிருபானந்தனின் விரல்கள் விறைத்தன. கொஞ்ச நேரம் இருந்து பார்த்தார். குறையவில்லை. அவர் எழும்பினார். அந்த வரிசையில் ஏழு பேர் முழங்காலை ஒதுக்கவேண்டும். முதல் ஆள், வேட்டி கட்டிய ஒரு பெரியவர், கழிவறைக்கோ என்ற பாவனையில் நிமிர்ந்து பார்த்தார்.

"எனக்கு அடைச்ச இடங்களிலை சிலவேளை பயம் வாறது, ஐயா" என்றார் கிருபானந்தன். "வெளியிலை கொஞ்சம் நிண்டுட்டு வாறன்."

பெரியவர் "போட்டு வாங்கோ, போட்டு வாங்கோ" என்று காலை மடக்கினார்.

வெளியே கார் தரிப்பிடத்தில் வெயில் இன்னும் இருந்தது. இரண்டு பிள்ளைகள் சலங்கையோடு ஓடித் திரிந்தார்கள். ஓடிப்போகத்தான் வெளியே வந்தாரா, நிற்கத்தான் வந்தாரா என்பது அவருக்கே நிச்சயமில்லை. பத்மா இருந்தால் உள்ளேயே இருந்திருக்கலாம் என்று சொல்லியிருப்பார். ஏழு நிமிடம் நின்றார். பிறகு உள்ளே போனார். ஏழு பேரும் மறுபடி முழங்காலை ஒதுக்கினார்கள். ரஞ்சினி அவருடைய கதிரையில் வைத்திருந்த கைப்பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். பிரதம விருந்தினர் இன்னும் பேசிக்கொண்டுதான் இருந்தார்.